விதை எண்ணெய் சன்ஸ்கிரீன் ஆகாது

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக் காற்றில் எண்ணெய் வாசமும் கலந்துவிடும். அருவிகளுக்குப் போகிற வழியில் மசாஜ் கடைகளின் முன்னால் பாட்டில்கள் வரிசையாக நிற்கும்: நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பச்சையும் சிவப்புமாக நிறமேறிய மூலிகை எண்ணெய்கள். துண்டைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தவரின் முதுகில் படபடவென்று தட்டி, தோளிலிருந்து இடுப்பு வரை உள்ளங்கையால் இழுத்துத் தேய்ப்பார்கள். அதன்பின் குளித்தால் உடம்புவலி ஓடிவிடும் என்பது ஊர்ப்பேச்சு.

உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவலை தருவது, அதே எண்ணெய்க்கு இப்போது கிடைத்திருக்கும் புதுப் பெயர்: 'இயற்கை சன்ஸ்கிரீன்'. கேரட் விதை எண்ணெயில் எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு எண்) 40, ராஸ்பெர்ரி விதை எண்ணெயில் 50 என்று காணொலிகள் சுற்றுகின்றன. சாலையோரப் புங்கமரத்தின் எண்ணெய்கூட அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ரசாயனம் வேண்டாம், பாட்டி வைத்தியம் போதும் என்று நினைப்பவர்கள் இதை அப்படியே நம்பி முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்குகிறார்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ராஸ்பெர்ரி கதையின் வேர், 2000-ஆம் ஆண்டில் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு. அந்த எண்ணெய் எந்தெந்தக் கதிர்களை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவியில் வைத்துப் பார்த்தார்கள். யாருடைய தோலிலும் பூசிச் சோதிக்கவில்லை. கேரட் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2009-ஆம் ஆண்டு இந்திய ஆய்வு, மூலிகை சேர்த்த சன்ஸ்கிரீன்களைப் பற்றியது. தனி எண்ணெய்க்கு அந்த எண் பொருந்தாது.

நம் வீட்டு எண்ணெய்களை நேரடியாக அளந்த ஆய்வும் உண்டு. ராய்ப்பூர் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட எஸ்.பி.எஃப் கணக்கு இது: ஆலிவ் எண்ணெய் 7.5, தேங்காய் எண்ணெய் 7.1, ஆமணக்கெண்ணெய் 5.7, பாதாம் எண்ணெய் 4.7, கடுகெண்ணெய் 2.1. நம் நல்லெண்ணெய்க்குக் கிடைத்தது 1.8-க்கும் சற்றுக் குறைவு. அதாவது, வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் எஸ்.பி.எஃப் 30 கிரீம், சரியான அளவில் பூசினால், ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். அதுவும், ராய்ப்பூர் எண்கள் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்துக் கருவியில் அளந்தவை. வியர்க்கும் தோலில் அவ்வளவுகூட எதிர்பார்க்க முடியாது.

எஸ்.பி.எஃப் என்பதே புற ஊதா 'பி' கதிரைப் பற்றிய கணக்குதான். இன்னும் ஆழமாக இறங்கிச் சுருக்கத்தைக் கொண்டுவரும் 'ஏ' கதிருக்குத் தனிச் சோதனை வேண்டும். கன்னத்தில் படரும் மங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியாலேயே கூடக் கறுக்கும். மங்குக்கு எண்ணெய் பூசி வெயிலில் திரிகிறவர்கள் அதை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்காக எண்ணெயை ஒதுக்கத் தேவையில்லை. டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி விதை எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். தடவாத குழந்தைகளைவிட அவர்களுக்கு மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்தன என்று 2005-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. தோலின் காப்புச் சுவரைக் கட்ட உதவும் லினோலிக் அமிலம் அந்த எண்ணெயில் நிறைய உண்டு. நல்லெண்ணெயிலும் ஏறக்குறைய 40 சதவீதம் அதுதான். வறண்ட காலுக்கும் வெடித்த கைக்கும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் தேய்ப்பவர்கள் சரியாகவே செய்கிறார்கள்.

புங்க எண்ணெயில் உள்ள கரஞ்சின், பொங்கமால் ஆகிய பொருள்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதும் உண்மை. துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீனில் அந்த எண்ணெயைத் துணைக்குச் சேர்க்கலாம். அது முறையான வேலை. ஆனால் துத்தநாகப் பொடியை வாங்கி வீட்டிலேயே எண்ணெயில் குழைப்பது ஆபத்து. பொடி கட்டி கட்டியாகத் திரண்டு, தோலில் ஓரிடத்தில் இருக்கும், பக்கத்தில் இருக்காது.

குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. மேகமும் சாரலுமாக இருப்பதால் வெயிலே இல்லை என்று தோன்றும். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிர் இறங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காகக் கிரீமை அப்பிக்கொண்டு அருவியில் நிற்பதும் தவறு. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்ததன் நோக்கம் சன்ஸ்கிரீனுக்கும் பொருந்தும். இங்கே கழுவிவிடுவதெல்லாம் சிற்றாற்றில் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. பவளப்பாறைகளைக் காக்க, ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021-இல் நிறுத்தியது. எனவே முதலில் குளியல். ஈரம் துடைத்தபின் கிரீம்.

ஆலங்குளம் பக்கம் வயலில் களையெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். எந்த விதை எண்ணெயையும்விட வெயிலிலிருந்து அதிகம் காப்பது அந்தச் சட்டைதான். இயற்கை வழி தேடுகிறவர்கள் அவர்களைப் பார்க்கலாம்.

சன்ஸ்கிரீன் நம் நாட்டில் அழகுசாதனப் பொருள். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்றே தயாரிக்க வேண்டும். எஸ்.பி.எஃப் எண் ஒட்டிய எண்ணெய்ப் பாட்டிலை யாராவது நீட்டினால், உரிம எண் எங்கே, எந்தச் சோதனையில் இந்த எண் வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அடுத்த சீசனுக்கு முன் குற்றாலக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.