ஊக்கமும் அன்று, மருந்தும் அன்று

2025 ஏப்ரல் தொடக்கத்தில் ககிசோ ரபாடா ஐபிஎல் தொடரின் நடுவே தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிச் சென்றார். தனிப்பட்ட காரணம் என்றது குஜராத் டைட்டன்ஸ் அணி. மே 3 அன்று அவரே உண்மையைச் சொன்னார்: கேளிக்கைக்காகப் போதைப்பொருள் பயன்படுத்தியது பரிசோதனையில் தெரியவந்து இடைக்காலத் தடையில் இருந்ததாக. அன்று என் கைப்பேசியில் வந்து விழுந்த தமிழ்ச் செய்திகள் பலவற்றின் தலைப்பு ‘ஊக்கமருந்து’ என்றே தொடங்கியது. மொழியியல் படித்தவன் என்பதால் எழும் எரிச்சல் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இந்த ஒரு சொல்லால் சிலருடைய வாழ்வே திரிந்துபோகிறது.

‘டோப்பிங்’ என்பதற்காக நாம் ஆக்கிக்கொண்ட சொல் ஊக்கமருந்து. தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டுக்கும், குருதி சுமக்கும் உயிர்வளியைக் கூட்டும் எரித்ரோபொயட்டினுக்கும் அது பொருந்தும். அவற்றை உட்கொள்பவர் எதிராளியின் பதக்கத்தைத் திருடுகிறார். துயரத்தில் கஞ்சா புகைத்தவர் யாருடைய பதக்கத்தைத் திருடினார்? வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம், மருந்துக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியே வகுத்துவைத்தார். நம் செய்தியறைகள் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகின்றன. (கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் அவர் வைத்தது சூது. ஐபிஎல் காலத்து விளம்பர இடைவேளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை வியப்பளிக்காது.)

ஷகாரி ரிச்சர்ட்சனை நினைவிருக்கிறதா? 2021 ஜூனில் ஒரிகன் மாநிலத்தில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 100 மீட்டரை 10.86 நொடியில் ஓடி வென்றார். பெற்ற தாய் இறந்துவிட்ட செய்தியைப் பேட்டி எடுக்க வந்த செய்தியாளர் ஒருவர் வாயிலாகத்தான் அறிந்ததாகவும், அந்த அதிர்ச்சியில் கஞ்சாவை நாடியதாகவும் பின்னர் கூறினார். அந்த மாநிலத்தில் வயது வந்தோர் அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமன்று. தடை ஒரே மாதம்தான். ஆனால் அவருடைய தகுதிப் போட்டி முடிவு நீக்கப்பட்டது, டோக்கியோ கைவிட்டுப் போயிற்று. 2023இல் புடாபெஸ்டில் 10.65 நொடியில் ஓடி உலகச் சாம்பியனானார். அந்த ஓட்டத்துக்குப் பிறகும் அவர் பெயரோடு ‘ஊக்கமருந்து’ ஒட்டிக்கொண்டே வருகிறது.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா 2022இல் இதை மறு ஆய்வு செய்தது. கஞ்சாவிலுள்ள டிஎச்சி உடலின் செயல்திறனைக் கூட்டுவதாகச் சான்றுகள் நிறுவவில்லை என்பதை ஏற்றுக்கொண்ட பின்னும், உடல்நலக் கேடு, விளையாட்டின் ஆன்மாவுக்கு முரண் என்ற காரணங்களால் தடைப்பட்டியலில் அதைத் தொடரச் செய்தது. விளையாட்டின் ஆன்மா! அளவிடக் கருவி இல்லாத ஒன்றை வைத்து மில்லிலிட்டருக்கு 150 நானோகிராம் என்று வரம்பு கட்டும் துணிவை என்னென்பது? அதே வாடா, வில்வித்தை உள்ளிட்ட சில விளையாட்டுகளில் மட்டும் தடைசெய்திருந்த மதுவை 2018இல் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. ரபாடா வெட்கித் தலைகுனிந்த அதே ஐபிஎல்லில் ஓர் அணியின் பெயரே ஒரு விஸ்கியிலிருந்து பிறந்தது.

எதிர்வாதம் ஒன்றுக்கு வலு உண்டு; மறைக்க விரும்பவில்லை. கொகெய்ன் ஒரு தூண்டி. போட்டி நாளில் அதை எடுப்பவர் ஆதாயம் தேடவில்லை என்று நான் உறுதி கூறமாட்டேன். அதனால்தான் 2021 விதித்தொகுப்பு ஒரு கோடு கிழித்தது: கொகெய்ன், ஹெராயின், எம்டிஎம்ஏ, டிஎச்சி ஆகியவற்றைப் போட்டிக்கு வெளியே, ஆட்டத்தோடு தொடர்பின்றிப் பயன்படுத்தியதாக மெய்ப்பித்தால் மூன்று மாதத் தடை, சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதம். 1991இல் மாரடோனாவுக்குக் கொகெய்னுக்காகப் பதினைந்து மாதம். 2007 விம்பிள்டனில் சிக்கிய மார்ட்டினா ஹிங்கிஸ் மறுத்தும் இரண்டாண்டு. 2024இல் நியூசிலாந்தின் டக் பிரேஸ்வெலுக்கு ஒரு மாதம். வேதிப்பொருள் மாறவில்லை, நம் அறிவு சற்றே முதிர்ந்திருக்கிறது. ரபாடாவுக்கும் ஒரு மாதம்தான்; அவ்வாண்டு ஜூனில் லார்ட்ஸில் ஒன்பது விக்கெட் வீழ்த்தித் தன் நாட்டுக்கு உலக டெஸ்ட் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். அவரை ஓராண்டு வீட்டில் உட்காரவைத்திருந்தால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும்?

‘பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’ என்பது அடுத்த வாதம். பிள்ளைகள் மீது அவ்வளவு அக்கறை இருந்தால், ‘தனிப்பட்ட காரணம்’ என்ற திரைக்குப் பின்னால் ஒரு மாதம் ஒளித்துவைத்திருக்க வேண்டியதில்லை. தடை குறைவாக இருந்ததை நான் குறைசொல்லவில்லை. ஒளித்ததைத்தான் சொல்கிறேன்.

நட்சத்திரங்களுக்கு வழக்கறிஞரும் உண்டு, சிகிச்சைக்கு மருத்துவரும் உண்டு. நான் ஆய்வு செய்யும் வடநாட்டுப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் பக்கத்து அறைக்காரர் ஒரு கபடி வீரர். ஹோலிக்கு முதல் நாள் வந்து, பாங் குடித்தால் மாட்டிக்கொள்வேனா என்று கேட்டார். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூவையும் பிசினையும்தான் குற்றமாக்குகிறது. வெறும் இலை அதன் வரையறைக்குள் வராது. வாரணாசியில் உரிமம் பெற்ற கடையிலேயே பாங் விற்கிறார்கள். ஆனால் சிறுநீரைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு இலையும் பூவும் ஒன்றே. ஒருமுறை குடித்தவர் சில நாள் கழித்து அந்த வரம்பைத் தாண்டுவது அரிது. நாள்தோறும் பழகியவரின் உடலில் அது வாரக்கணக்கில் தங்கும்.

இதைப் பயிற்சியாளரிடம் கேட்டீர்களா என்றேன். ‘ஊசி எதுவும் போட்டுக்கொள்ளாதே, அது போதும்’ என்றாராம். அவருடைய போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. விதிப்படி போட்டிக்காலம் முந்தைய இரவு 11.59க்குத் தொடங்குகிறது என்பதை நான் சொல்லித்தான் அறிந்தார். மூன்றாண்டாக மாநில அளவில் ஆடுகிறவர் அவர்.