கண்டவர் சொல்லைக் கேளுங்கள்

பத்திரிகை வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் சொன்ன செய்தி அது. 1939 ஆகஸ்டு இறுதியில் லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ நிருபர் கிளேர் ஹாலிங்வொர்த், போலந்திலிருந்து எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் காரில் சென்றார். சாலையோரச் சாக்குத்திரை காற்றில் விலக, பள்ளத்தாக்கில் டாங்கிகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டார். 29ந் தேதி செய்தி வெளியாயிற்று. அவர் பெயர் அதில் இல்லை.

செப்டம்பர் 1ந் தேதி விடியுமுன் படையெடுப்பு துவங்கியது. கட்டோவிட்ஸ் நகரிலிருந்து வார்சா பிரிட்டிஷ் தூதரகத்துக்கு டெலிபோன் செய்தார். அங்கே நம்பவில்லை. ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். டாங்கிகளின் இரைச்சலே பதில் சொல்லிற்று.

2017ல், 105வது வயதில், ஹாங்காங்கில் அவர் காலமானார்.

சொல்பவரின் பதவியையும் சர்வீஸையும் பார்த்துச் சொல்லை எடைபோடுவது ஆபீசுகளின் பழைய வியாதி. குமாஸ்தாவோ தொழிலாளியோ, நேரில் கண்டவர் சொன்னால் மேலிடம் முதலில் காதுகொடுக்க வேண்டும். எல்லோர் கையிலும் ஜன்னலுக்கு வெளியே நீட்ட ஒரு டெலிபோன் இருப்பதில்லை.