பழைய வண்டி மேல் பழி போடாதீர்கள்

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் அம்பாசடரைப் பற்றி விசாரித்தார். "இன்னுமா அத வெச்சிருக்கீங்க? பழைய வண்டி சார். ஒயரு பத்திக்கிச்சின்னா என்னா பண்ணுவீங்க?" என்றார். பந்தியில் சண்டை வேண்டாம் என்று பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பழைய வண்டி தானாகப் பற்றிக்கொள்வதில்லை. நாம்தான் பற்ற வைக்கிறோம்.

என்னுடையது 1973ஆம் வருடத்து மார்க் 2. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியைத்தான் உத்தரபாராவில் அம்பாசடர் என்று பெயர் மாற்றிச் செய்தார்கள். 2014 வரை செய்தார்கள். அதன் மின்சாரச் சமாசாரம் எல்லாம் லூகாஸ் வழி வந்தது. நம் சென்னை பாடியில் 1961இல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரர்கள் லூகாஸை "இருட்டின் இளவரசன்" என்று கேலி செய்வார்கள். பாதி வழியில் விளக்கு போய்விடுமாம். கேலி இருக்கட்டும். அந்த ஒயரிங்கின் ஒழுங்கைப் பார்த்தவன் கேலி செய்யமாட்டான்.

அந்த முறையில் நிறமே பேசும். பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை என்றால் சாவி போட்டபின் வருவது. பச்சை என்றால் அதே சாவி மின்சாரம், ஃபியூஸ் தாண்டி வருவது. கத்தரிப்பூ நிறம் என்றால் சாவி இல்லாமலே, ஃபியூஸ் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு பின்விளக்குக்கு, கருப்பு எர்த்துக்கு. இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கூடப் பழுது கண்டுபிடிக்கலாம்.

இதில் வெள்ளை ஒயரைக் கவனியுங்கள். அது சாவியிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. வழியில் ஃபியூஸ் கிடையாது. ஓடும் வண்டி திடீரென்று நின்றுவிடக் கூடாது என்று வேண்டுமென்றேதான் அப்படி வைத்தான். காயில் எடுப்பது ஏறக்குறைய 4 ஆம்பியர். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறி தட்டும். வண்டியின் உயிரே அந்த ஒயரில்தான் இருக்கிறது.

அந்த உயிர்நாடியில்தான் நாம் எல்லாவற்றையும் கொண்டுபோய் மாட்டுகிறோம். பாட்டுப் பெட்டி, மின்விசிறி, செல்போன் சார்ஜர், பனி விளக்கு எல்லாமே காயில் முனையில். ஏன்? பானெட்டைத் திறந்ததும் கைக்கு எட்டுவது அதுதான். சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும் என்ற சௌகரியம் வேறு.

நானும் மாட்டினவன்தான். மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் ஊருக்கெல்லாம் ஃபியூஸ் போட்டவன், சொந்த வண்டியில் இரண்டு பனி விளக்கை ஃபியூஸ் இல்லாமல் மாட்ட விட்டேன். "கொஞ்ச தூரந்தானே சார், எதுக்கு ஃபியூஸு?" என்றார் மாட்டிய தம்பி. இருபது நிமிட வேலை. நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் மாதம், ராத்திரி ஒன்பது மணி. திண்டிவனத்திலிருந்து வருகிறோம். பின் சீட்டில் மனைவி, அக்கா, நான்கு வயதுப் பேத்தி. கிளியனூர் தாண்டியதும் ஒரு நாற்றம். டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை. இன்ஜின் நின்றது, விளக்கும் போயிற்று. மூவரையும் இறங்கச் சொல்லிவிட்டுப் பாட்டரி ஒயரைக் கழற்ற ஓடினேன். ஸ்பேனர் டிக்கியில், கல்யாணப் பைகளுக்கு அடியில். பின்னால் வந்த லாரியின் கிளீனர் குதித்து ஓடிவந்து, கட்டிங் பிளேயரால் திருகி எர்த் ஒயரைப் பிடுங்கினார். அவர் பெயர் கூடக் கேட்கவில்லை. பேத்தி அழவில்லை. "தாத்தா, கார் ஏன் சுடுது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். பனி விளக்கு ஒயர் கிரில்லுக்குப் பின்னால் ஒரு தகட்டு ஓட்டை வழியாகப் போயிருந்தது. ஓட்டையில் ரப்பர் வாஷர் இல்லை. ஆட்டத்தில் தகடு ஒயரின் தோலை அறுத்து, செம்பு பாடியில் பட்டுவிட்டது. பாட்டரியின் முழுப் பலமும் சாவி வழியாக, வெள்ளை ஒயர் வழியாகப் பாய்ந்திருக்கிறது. தடுக்க ஒன்றுமில்லை. ஐந்து ரூபாய் ஃபியூஸ் ஒன்று இருந்திருந்தால் பனி விளக்கு மட்டும் அணைந்திருக்கும். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே இரும்பை வந்து சேர்ந்திருப்போம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃபியூஸ் பெட்டியில் இரண்டு கண்ணாடிக் குழாயில் ஒன்றின் மேல் செம்பு இழை சுற்றியிருந்தது. அது எலக்ட்ரீஷியன் வேலை இல்லை. எப்போதோ ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று நானே சுற்றியது.

இப்போது சொல்லுங்கள், பழைய வண்டியா குற்றவாளி?

"இத்தனை வருஷமா ஓடுதே, ஒண்ணும் ஆகலியே" என்பார்கள். ஆகும் வரை ஒன்றும் ஆகாதுதான். "ஹெட்லைட் மங்கல், அதனால பெரிய பல்பு போட்டேன்" என்பார்கள். 60 வாட் பல்பு இரண்டுக்கே 10 ஆம்பியர் வேண்டும். 100 வாட் போட்டால் 16 ஆம்பியருக்கு மேல் போகும். அத்தனையும் ஐம்பது வருடத்து ஸ்விட்ச் வழியாக. மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை. மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும்தான். நம் ஊருக்குக் கடற்காற்று எட்டும் தூரம். எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், உப்பும் பச்சையும் பூத்திருக்கும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஒரு ரிலே மாட்டினால் பழைய பல்பே பளிச்சென்று எரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். புதிதாக எதை மாட்டினாலும் பாட்டரியிலிருந்து தனி ஒயர் இழுங்கள். பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழேதான் ஃபியூஸ் இருக்க வேண்டும். நடுவில் ரிலே. அதில் 30 என்ற முனைக்குப் பாட்டரி, 87க்கு விளக்கு, 86க்கு ஸ்விட்ச், 85க்கு எர்த். ஸ்விட்சுக்கு வரும் மின்சாரத்தைப் பச்சை ஒயரிலிருந்து எடுங்கள். ரிலேயைத் தட்டி எழுப்ப அரை ஆம்பியர் கூட வேண்டாம். சாவியை எடுத்தால் அணையும் சௌகரியமும் கிடைத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். பார்க்காமல் புதுச் சாமானை மாட்டினால் அதோடு சரி. அடுத்து, லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். கடையில் 35 என்று இன்றைய ஃபியூஸை வாங்கிப் போட்டால் ஒயர் முதலில் எரியும், ஃபியூஸ் பிறகு யோசிக்கும்.

எலக்ட்ரீஷியன்களையும் திட்டாதீர்கள். பனி விளக்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். ஃபியூஸ் ஹோல்டருக்கும் ரிலேக்கும் முந்நூறு என்றால் "அதெல்லாம் வேணாம்பா, சும்மா மாட்டு" என்கிறோம். பக்கத்தில் நின்றுகொண்டு அரைமணியில் முடி என்று அவசரப்படுத்துகிறோம். நாம் கேட்ட வேலையைத்தான் அவர் செய்கிறார்.

ஐம்பது வயதான வண்டிகளைப் பாரம்பரிய வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்லது. ஆனால் பெயர்ப்பலகை வண்டியைக் காப்பாற்றாது. எங்கள் ஊர் மாகாளேஸ்வரர் லிங்கம் கடுவெளிச் சித்தர் கோபத்தில் வெடித்தது என்றும், செம்பால் பிணைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். செம்பு பிணைக்கவும் செய்யும், எரிக்கவும் செய்யும். எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

வீட்டில் அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, காயில் முனையில் எத்தனை ஒயர் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு சேர்த்து மாட்டிய ஒயர் ஏதாவது தெரிந்தால், அன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஸ்பேனரை டிக்கியில் வைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் வையுங்கள்.