புல்லட்டில் வரும் நாயகனும் புல்லட்டில் போன பையனும்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்தக் கோடை விடுமுறையில் என் தங்கை மகன் என்னை நான்கு சண்டைப் படங்களுக்கு இழுத்துக்கொண்டு போனான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். தனியாகப் போகச் சொன்னால், "நீங்க வந்தாத்தான் அம்மா காசு குடுக்கும் மாமா" என்பான். இரண்டு டிக்கெட், இடைவேளையில் முறுக்கு, டீ, வண்டிக்குப் பெட்ரோல் என்று கணக்குப் போட்டால், நூறு நாள் வேலைக்கு 2025-இல் இருந்த ஒருநாள் கூலியான 336 ரூபாயைத் தாண்டிவிடும். அந்தக் கூலியும் மாதக்கணக்கில் வராமல் கிடந்த ஆண்டு இது. அப்படியும் போனோம்.

நான் சினிமா விமர்சகன் அல்ல. எனக்குச் சண்டைப் படம் பிடிக்கும். அதைச் சொல்ல இயக்கத் தோழர்கள் பலர் வெட்கப்படுவார்கள். எனக்கு அந்த வெட்கம் இல்லை. பகலெல்லாம் மனு எழுதி, தாலுகா அலுவலகத்தில் கால் கடுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்கு, ஒரு ஆள் பத்துப் பேரை அடித்துத் தூக்கி எறிவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் பார்த்தது 'வீர தீர சூரன்'. மார்ச் 27-ஆம் தேதி காலைக் காட்சி என்று சொல்லி, நீதிமன்ற வழக்கால் தள்ளிப்போய் மாலையில்தான் வெளியானது. முதல் பாகம் வராமலே இரண்டாம் பாகம் வந்த படம். விக்ரம் அதில் மளிகைக் கடைக்காரர். ஒரே ராத்திரி, ஊரெல்லாம் திருவிழா, ஒரு பக்கம் பெரிய வீட்டுக்காரர்கள், இன்னொரு பக்கம் போலீஸ். நாயகனுக்கும் பயம் வருகிறது, குடும்பத்தை நினைத்துக் கை நடுங்குகிறது. இந்த நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான்.

அடுத்தது ஏப்ரல் 10-இல் வந்த 'குட் பேட் அக்லி'. கதை என்று கேட்டால் என்னால் இரண்டு வரிக்கு மேல் சொல்ல முடியாது. மகனுக்காகத் திருந்திய தாதா, மகனுக்கு ஆபத்து என்றதும் பழைய வேலைக்குத் திரும்புகிறார். ஆனால் தியேட்டரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அஜித்தின் பழைய படங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்போதும், 'எதிரும் புதிரும்' படத்துப் பழைய பாட்டுக்கு ஆட்டம் தொடங்கியபோதும், எனக்கு முன்வரிசையில் இருந்த பையன்கள் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேர் எங்கள் காலனிப் பையன்கள். மூன்று பேர் ஊருக்குள் இருப்பவர்கள். ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டு ஆடினார்கள். ஊரில் அந்தத் தோளும் அந்தக் கையும் ஒன்றையொன்று தொட்டு நான் பார்த்ததில்லை.

அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. இருட்டில் விசிலுக்குச் சாதி கிடையாது. வெளிச்சத்தில் என்ன நிலைமை? அதே நடிகருக்கு எங்கள் ஊரில் இரண்டு பிளெக்ஸ். ஒன்று பேருந்து நிறுத்தத்தில், ஊர்ப் பையன்கள் வைத்தது. இன்னொன்று காலனி முகப்பில், நம் பையன்கள் வைத்தது. இரண்டிலும் ஒரே முகம், ஒரே கூலிங் கிளாஸ். கீழே இருக்கும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தான் வேறு. ஏப்ரல் 14 வந்ததால் காலனி முகப்பில் அந்தப் பிளெக்ஸுக்குப் பக்கத்திலேயே அண்ணல் அம்பேத்கரின் பிளெக்ஸும் நின்றது. அரசு 2022 முதல் அந்த நாளைச் சமத்துவ நாளாகக் கொண்டாடுகிறது. நடிகர் பிளெக்ஸைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணல் பிளெக்ஸுக்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்க மட்டும் ஆள் வந்தார்கள்.

இருட்டுக்குள்ளும் எல்லோரையும் விட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட முடியாது. 2023 மார்ச் மாதம், இதே மாதிரி ஒரு கோடைச் சண்டைப் படமான 'பத்து தல' வெளியான அன்று, சென்னை கோயம்பேட்டில் ஒரு திரையரங்கின் வாசலில் நரிக்குறவர் குடும்பத்தைக் கையில் டிக்கெட் இருந்தும் தடுத்து நிறுத்தியதை நாடே காணொளியில் பார்த்தது. படத்தின் தணிக்கைச் சான்றிதழ்படி சிறுவர்களை அனுமதிக்க முடியாது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. காணொளி பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். சண்டைப் படங்களுக்குக் கைக்குழந்தையோடு வரும் எத்தனையோ குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் சான்றிதழ் பேசி நான் பார்த்ததில்லை.

மே 1-இல் வந்த 'ரெட்ரோ'வை நான் ஆவலோடு எதிர்பார்த்தேன். பாதிக்கு மேல் கதை அந்தமான் பக்கத்துத் தீவுக்குப் போகிறது. அங்கே ஒரு கூட்டம் மக்கள் அடிமைகளாக இருக்கிறார்கள். ஆண்டைகளின் பொழுதுபோக்குக்காக ஒருவரோடு ஒருவர் மோதிச் சாகிறார்கள். அட, நம் கதை பெரிய பட்ஜெட்டில் வருகிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த மக்கள் ஒரு மீட்பருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வருவார் என்று முன்னாலேயே சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. சூர்யா வருகிறார். அடிக்கிறார். விடுதலை கிடைக்கிறது. சூர்யா நன்றாகத்தான் நடித்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு. அத்தனை தலைமுறையாக அடிபட்ட மக்களில், இது தப்பு என்று எழுந்து சொன்ன ஒரு கிழவி இல்லையா? ஓடிப்போகப் பார்த்த ஒரு பையன் இல்லையா? வேலைக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்த பத்துப் பேர் இல்லையா? அப்படி யாராவது ஓரத்தில் வந்துபோயிருந்தாலும் என் நினைவில் நிற்கும்படி இல்லை. என் பாட்டி காலத்திலேயே, கூலி நெல்லை அளக்கும் மரக்காலில் ஏமாற்றுகிறார்கள் என்று களத்தில் நின்று சண்டை போட்ட பெண்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். எந்த மீட்பரும் தீவுக்குப் படகில் வரவில்லை.

அதே மே 1-இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் ஒரு வெட்டுக்குத்து கிடையாது. இலங்கையிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம், அக்கம்பக்கத்து மனிதர்கள், அவ்வளவுதான். அதற்குத்தான் எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்துப் போனார்கள்.

ஜூன் 5-இல் 'தக் லைஃப்'. மணிரத்னம், கமல் இருவரும் பல ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்த படம். படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு இருமல் சத்தம்தான் கேட்டது. எனக்கு நினைவில் நிற்பது, ஒன்றரை ஆண்டுக்கு முன் வந்த அதன் அறிமுகக் காணொளி. அதில் கமல் தன் பெயரைச் சொல்வார், பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டும் வரும். என் மருமகனின் செல்போனில் அது ஓடியபோது பக்கத்தில் இருந்த பையன்கள் கத்திக் கொண்டாடினார்கள். கேட்டால் அது பழைய 'நாயகன்' படத்தை நினைவுபடுத்தத்தான் என்பார்கள். இருக்கட்டும்.

பெயர் என்றதும் எனக்கு 2021 ஏப்ரலில் வந்த 'கர்ணன்' நினைவுக்கு வருகிறது. அதுவும் கோடையில் வந்த சண்டைப் படம்தான். வெளியான மறுநாளே கொரோனா கட்டுப்பாட்டால் தியேட்டரில் பாதி நாற்காலிகளைக் காலியாக விடச் சொன்னார்கள், அப்படியும் ஓடியது. பொடியன்குளம் என்ற ஊரில் பேருந்து நிற்காது. சாலையில் வலிப்பு வந்து ஒரு சிறுமி கிடப்பாள், வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஊர்ப் பெரியவர்களைப் போலீஸ் அதிகாரி அடிக்கும் காட்சியை மாணவர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். பேருந்தை உடைத்த வழக்கு ஒரு சாக்குதான். அந்த அதிகாரிக்கு உறுத்துவது அவர்களுடைய பெயர்கள். துரியோதனன், அபிமன்யு என்றெல்லாம் உனக்கு எதற்குப் பெயர் என்பதுதான் அவருடைய ஆத்திரம். ஒரு நாயகனின் பெயருக்கு வால் முளைத்தால் விசில். எங்கள் தாத்தனுக்கு ஒரு ராஜாவின் பெயர் இருந்தால் முதுகில் லத்தி. கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி கற்பனை இல்லை என்பது தெரியும்.

இதைக் கூட்டத்தில் பேசியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னை மடக்கினார். "கர்ணன் கையிலயும் வாள்தானே தம்பி இருக்கு? அதுக்கு மட்டும் நீங்க கை தட்டுறீங்க." நியாயமான கேள்வி. நான் கை தட்டினேன், மறைக்கவில்லை. அந்த வாளுக்கு முன்னால் நிற்காத பேருந்து இருக்கிறது, செத்த சிறுமி இருக்கிறாள், அடிபட்ட முதுகுகள் இருக்கின்றன. கணக்கு முழுவதும் திரையில் இருக்கிறது என்று பதில் சொன்னேன். பதில் சொன்னேனே தவிர, எனக்கே முழு நிம்மதி இல்லை. அந்த வாளை நம் பையன்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். எதிர்த் தெருப் பையன்கள் அரிவாளை வைக்கிறார்கள். கணக்கு ஸ்டேட்டஸில் வருவதில்லை, வாள் மட்டும்தான் வருகிறது. 1992-இல் வந்த 'தேவர் மக'னின் முடிவில் நாயகன் அரிவாளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கத்தான் சொல்கிறான். தென்மாவட்டக் கொடை விழாக்களில் முப்பது வருடமாக ஒலிபெருக்கியில் கேட்பது அந்த அறிவுரை அல்ல, அந்தப் பாட்டு. எடுத்தவர்கள் என்ன நினைத்து எடுத்தார்கள் என்பது ஊர் எல்லையைத் தாண்டி வருவதே இல்லை.

இனி, படத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த நான்கு படங்களும் வந்த இதே ஆண்டில், பிப்ரவரி மாதம் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். நம் பையன். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். மார்ச் 10 அன்று தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரை வழிமறித்து வெட்டியதில் விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவர் அணி ஜெயித்ததுதான் ஆத்திரம் என்றார்கள் வீட்டார். வெட்டியவர்களும் சிறுவர்கள்தான்.

சினிமாவைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்வெண்மணியில் 1968-இல் குடிசைக்குத் தீ வைத்தவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்கள்? சாதிக்குச் சினிமா தேவையில்லை. நான் சொல்வது இதுதான்: நாயகன் புல்லட்டில் வந்து இறங்கும்போது இரண்டு தெருப் பையன்களும் சேர்ந்து விசில் அடிக்கிறார்கள். அந்த வண்டி, அந்தக் கண்ணாடி, அந்த நிமிர்வு எல்லாம் தனக்கும் உரியது என்று இரண்டு பேருமே நம்பித்தான் வெளியே வருகிறார்கள். ஒருவன் அதை ஊர்த் தெருவில் ஓட்டிப் பார்க்கிறான். இன்னொருவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த இடத்தைத்தான் நம் சண்டைப் படங்கள் தொடுவதே இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்து டெல்லிக்கும் ஸ்பெயினுக்கும் அந்தமானுக்கும் கேமரா போகிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் அரை கிலோமீட்டருக்கு ஒரு சிலர்தான் வருகிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து மாணவரையும் தங்கையையும் வெட்டிய பிறகு, அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று பலவும் அதில் இருக்கின்றன. ஓர் ஆண்டு ஓடிவிட்டது. பள்ளி திறந்த முதல் நாள் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தேன். பையன்கள் கையில் கயிறு இருக்கிறது. எந்த நிறம் எந்தத் தெரு என்பதை எட்டாம் வகுப்புப் பையன் எனக்குச் சொல்லித் தருகிறான். ஆசிரியர்கள் இந்த ஆண்டாவது அந்த அறிக்கையை எடுத்துப் படிக்க வேண்டும். மாணவர்களும் படிக்கலாம்; அது உங்களைப் பற்றியதுதான்.

'தக் லைஃப்' பார்த்துவிட்டுத் திரும்பும்போது இரவு பத்தரை மணி. மருமகன் ஓட்ட, நான் பின்னால். பழைய பைக்தான், சைலன்ஸரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறான், புல்லட் மாதிரி சத்தம் வரட்டும் என்று. மெயின் ரோட்டில் அதைக் கேட்டுக்கொண்டே வந்தோம். ஊர் நுழைவாயிலில் வேகத்தைக் குறைத்தான். டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சினை அணைத்தான். அங்கே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்; நிமிர்ந்து பார்த்தார்கள், ஒன்றும் பேசவில்லை. இறக்கம் என்பதால் வண்டி தானாக உருண்டது. நான் அவன் வயதில் அதே இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவன். அதை அவனிடம் நான் சொன்னதில்லை. இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அவனிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

காலனி விளக்குக் கம்பம் வந்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்தான்.