கமிஷன் வாங்கிய பெண்

இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது 2025 மார்ச் 8ஆம் தேதி. அன்றிரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருமே தூங்கவில்லை. பண்ணைப்புரத்துக்காரர் எழுதியதை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்கிறது என்று என் தம்பி மட்டுமே பதினோரு படங்கள் அனுப்பியிருந்தான்.

அதே தம்பிதான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூடாயிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். பியானோவில் எட்டாம் கிரேடும் தேறிவிட்டாள். மேற்கொண்டு இசை எழுதுவதைப் படிக்கப் போகிறாளாம். சினிமாவுக்கு இல்லையாம். மேடைக்கு, இசைக்குழுவுக்கு.

“அக்கா, இதுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?”

விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் அவன். அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. எனக்கோ பதில் தெரியவில்லை. மருமகளையே கேட்டேன். அவள் ஒரு பெயரைச் சொன்னாள்: விஜய் ஐயர்.

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் வயலின். பியானோவைக் காதால் கேட்டுத் தானே பழகிக்கொண்டாராம். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார் (இதைக் கேட்டதும் தம்பியின் முகம் கொஞ்சம் தெளிந்தது). ஜாஸ் பியானோ கலைஞராகத்தான் உலகம் அவரை முதலில் அறிந்தது. இன்று நால்வர் குழுக்களும் இசைக்குழுக்களும் அவரிடம் புதுப் படைப்பு எழுதித் தரச் சொல்லிப் பணம் கொடுக்கின்றன.

“அதுக்குப் பேரு கமிஷன், அத்தை,” என்றாள் மருமகள்.

“கமிஷனா? யாருக்கு, புரோக்கருக்கா?” என்றான் தம்பி.

சிரித்துவிட்டேன். ஆனால் நம் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லையே, அவன் என்ன செய்வான்! விஷயம் இதுதான். எத்தனை நிமிடம், என்னென்ன வாத்தியம், எந்தத் தேதிக்குள் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்கிறார்கள். இன்னும் பிறக்காத ஒரு பாட்டுக்கு முன்பணம். பெரிய படைப்பென்றால் பல இசைக்குழுக்கள் சேர்ந்து செலவைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2016 மார்ச்சில் மெட் பிரூயர் என்ற புதிய கிளையைத் திறந்தது. விஜய் ஐயரை அங்கே கொஞ்ச காலம் அமர்த்தி வாசிக்க வைத்தது. அங்கே காட்சிக்கு வைத்த நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களை மனத்தில் கொண்டு ஒரு புதுப் படைப்பும் கேட்டது. அவர் டிரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்துடன் சேர்ந்து அதைச் செய்தார். லண்டனின் விக்மோர் ஹால் 2019–20இல் இப்படியே அவரை அமர்த்திக்கொண்டது. ரெசிடென்சி என்கிறார்கள். நாம் ஆஸ்தான வித்வான் என்போம்.

ஒன்று என்னை உலுக்கியது. 2017இல் கலிபோர்னியாவின் ஓஹாய் இசைவிழாவில், ஜெனிஃபர் கோ என்ற வயலின் கலைஞருக்காக அவர் எழுதிய ‘டிரபிள்’ அரங்கேறியது. அதில் ஒரு பகுதி வின்சென்ட் சின்னுக்கு. 1982இல் டெட்ராய்ட் பக்கத்தில் அடித்துக் கொல்லப்பட்ட சீன இளைஞர் அவர். ஜப்பான் கார்களால் தங்கள் வேலை போகிறது என்ற கோபம் அவர் தலையில் விடிந்தது. ஒரு தமிழர் மகன் ஒரு சீனர் மகனுக்காக எழுதிய இசை. நம் நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால், இவ்வளவு பேர் வாங்கிய விஜய் ஐயரே 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். எழுதுவதை மட்டும் நம்பிச் சோறு உண்பவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. “பாத்தியா” என்றான் தம்பி. மருமகள் விடவில்லை. “குளுவாங்கில பொறந்த சோங் கீ யோங் எழுதலையாப்பா?” என்றாள். 1971இல் பிறந்தவர், சியானிலும் பிரஸ்ஸல்ஸிலும் படித்துவிட்டு வந்தவர். குளுவாங் என்றால் எனக்குக் காப்பிதான் நினைவுக்கு வரும். வெட்கமாகப் போய்விட்டது.

நமக்கு இது புதிதா என்ன? கம்பனுக்குச் சடையப்ப வள்ளல் இருந்தார். தஞ்சை நால்வருக்குச் சரபோஜி மன்னரின் அவை இருந்தது. அவர்களில் வடிவேலு பிறகு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் அவைக்குப் போனார். இன்று ஜொகூர் பாருவில் நம் பிள்ளைகள் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிறார்களே, அந்த வரிசையை வகுத்தவர்கள் என்று அந்த நால்வரைத்தான் சொல்கிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ கொடுத்த சம்பளத்தில் நாம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

அரங்கேற்றம் என்ற சொல்லையே பாருங்கள். முன்பு நூலும் அரங்கேறும். இப்போது ஆள் அரங்கேறுகிறார். மண்டபம், உடை, சாப்பாடு, சென்னையிலிருந்து பக்கவாத்தியம் என்று ஒரு காருக்கு முன்பணம் கட்டுகிற அளவு செலவழிக்கிறோம். தப்பென்று சொல்லமாட்டேன், என் மகளுக்கு நானும் செய்தவள்தான். ஆனால் அந்தச் செலவில் நூறு வெள்ளியாவது ஒரு புதுப் பாட்டு எழுதியவர் கைக்குப் போனதா? என் கணக்குப் புத்தகத்தில் இல்லை.

அடுத்த மாதம் எங்கள் அம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது. கூலாய் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். விருந்துக்கு டி.ஜே. வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் முந்நூறு வெள்ளியை ஓர் உறையில் போட்டு மருமகள் கையில் கொடுத்தேன். தம்பியின் கண் முன்னால்தான்.

“பாட்டிக்கு நீ ஒண்ணு எழுதிக் குடு. இது கமிஷன்.”

தம்பி ஒன்றும் பேசவில்லை. உறையை வாங்கிப் பிரித்து, எண்ணிப் பார்த்துவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தான். அவள் அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“எத்தனை நிமிஷம் வேணும், அத்தை? பக்கத்து வீட்டுல உறுமி வாசிக்கிற அண்ணனையும் சேத்துக்கலாமா?”