சாப்பிடு என்கிறது சுவர்

போன மாதம் ஒரு நண்பர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மடிப்பாக்கத்தில் புது ஃபிளாட். கிரகப்பிரவேசத்துக்கு நான் போகாததற்குப் பரிகாரம். செருப்பைக் கழற்றியதும் நேராக டைனிங் ஹாலுக்கு அழைத்துப்போய் சுவரைக் காட்டி, “எப்படி சார்?” என்றார்.

செங்கல் படம் போட்ட வால்பேப்பர். உள்ளே நிஜச் செங்கல் இருக்கிறது. அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, அதற்கும் மேலே காசு கொடுத்துச் செங்கல் படம். இரண்டு பக்கமும் ஒயின் கோப்பைப் படங்கள். அந்த வீட்டில் இருமல் மருந்து தவிர வேறு பாட்டில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். நடுநாயகமாக, மரத்தில் அறுத்த மூன்று ஆங்கில எழுத்துகள். ஈ, ஏ, டி. ஈட்.

ஈட் என்றால் சாப்பிடு. ‘சாப்பிடுங்க’ கூட இல்லை. பரம எதிரி வாசலில் வந்து நின்றாலும் “வாங்க, சாப்பிடறீங்களா?” என்று கேட்கிற ஊரில், விருந்தாளியை ஒருமையில் அதட்டுகிறது சுவர். போகட்டும், இங்கிலீஷுக்கு மரியாதை தெரியாது.

உட்கார்ந்தோம். நான், நண்பர், அவர் அப்பா, பையன். ஆறு நாற்காலியோடு வாங்கிய மேஜை. நடக்க இடமில்லை என்று ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிட்டதால் மிச்சம் நாலுதான். மற்ற இரண்டும் பால்கனியில் துணி காயப்போடப் பயன்படுகின்றன. நண்பரின் மனைவி நின்றுகொண்டே பரிமாறினார். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கத்தரிக்காய் பொரியல். பிரமாதம். ‘சாப்பிடு’ என்று சுவர் எங்கள் நாலு பேருக்கும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தாவது ஆளுக்குச் சுவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே கோபம் ஜீரணத்தோடுதான் வரும்.

சாப்பாட்டுச் சுவர் அலங்காரம் என்று இப்போது நடப்பதெல்லாம் யாருக்காக? கடையில் கேட்டால் ஆப்பிள், திராட்சை, பாதி உரித்த ஆரஞ்சு என்று ஃபிரேம் போட்ட பழக்கூடை தருகிறார்கள். நம் வீட்டில் பழம் என்றால் வாழை. அதைச் சுவரில் மாட்ட யாருக்கும் துணிச்சல் இல்லை. வாஸ்துக்காரர் இன்னொரு பக்கம் வருகிறார். டைனிங்கில் பெரிய கண்ணாடி மாட்டினால் அன்னம் இரட்டிக்குமாம். கண்ணாடிக்குள் இரட்டிப்பது எச்சில் தட்டும் குழம்புக் கிண்ணமும்தான். தேய்க்கிறவரைக் கேட்டுவிட்டு மாட்டியிருக்கலாம்.

கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டில் மேஜைக்கு மேலே அநேகமாக ஏசுவின் கடைசி விருந்து இருக்கும். அதையாவது ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் லியனார்டோ டாவின்சி அதை வரைந்ததே ஒரு சாப்பாட்டு ஹால் சுவரில்தான். மிலான் நகரத்தில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்கிற மடாலயம். 1495 வாக்கில் ஆரம்பித்து 1498 வாக்கில் முடித்தார். அகலம் 8.8 மீட்டர், உயரம் 4.6 மீட்டர். அங்கே சாப்பிட உட்கார்ந்த துறவிகள் நிமிர்ந்து பார்த்தால் எதிரே அதே மாதிரி நீள மேஜை, அதே மாதிரி வெள்ளை விரிப்பு, ரொட்டி. தாங்கள் உட்கார்ந்திருக்கும் பந்தியே சுவருக்குள்ளும் நீள்கிற மாதிரி. யார் அங்கே தினமும் சாப்பிடுகிறார்களோ அவர்களை மனதில் வைத்துச் செய்த அலங்காரம்.

ஆனால், ஈரச் சுண்ணாம்பில் வேகமாக வரைய வேண்டிய முறை பிடிக்காமல், காய்ந்த சுவரில் நிதானமாக வரைந்தார் லியனார்டோ. சுவரில் ஓதம். அவர் காலத்திலேயே பெயின்ட் உரிய ஆரம்பித்துவிட்டது. (வாஷ்பேசினுக்குப் பக்கத்துச் சுவரில் வால்பேப்பர் ஒட்ட நினைப்பவர்கள் கவனிக்க.) 1652இல் அந்த மடத்துக்காரர்களே அதே சுவரை உடைத்துக் கதவு வைத்தார்கள், சமையல்கட்டுக்குப் போக. ஏசுவின் பாதம் போயிற்று. 1943 ஆகஸ்ட்டில் குண்டு விழுந்து கூரையே இடிந்தபோதும் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் அந்தச் சுவர் நின்றது. 1978இல் தொடங்கிய செப்பனிடும் வேலை 1999 வரை நீண்டது.

கலை ரசிகர்கள் அந்தக் கதவை நினைத்து இன்னும் பல்லைக் கடிக்கிறார்கள். நான் கதவு கட்சி. சமையல்கட்டுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே ஒரு ஆள் நாள் பூராவும் நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த மடத்தில் யாருக்கோ உறைத்திருக்கிறது. நம் ஃபிளாட்டுகளில் உறைக்கவில்லை.

நம் பழைய வீடுகளில் இந்தத் தொல்லையே இல்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், சுவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் இருந்த ஒரே ஓவியம் தாத்தாவின் எண்ணெய்த் தலை பதிந்த வட்டம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாக அனுப்பினார். அவையெல்லாம் பூஜை அறைக்கும் முன்கூடத்துக்கும் போயின. சமையல்கட்டை ஒட்டிய சுவரில் பால் கணக்குக் கரிக்கோடு, பிறகு சிவகாசி காலண்டர். அது அந்த வீட்டுப் பெண்ணின் சுவர். தவறாமல் கும்பிடு போடாதீர்கள், அந்தக் காலத்திலும் அவள் கடைசியில்தான் சாப்பிட்டாள், பாதி நாள் மிச்சம் இருந்ததைத்தான். ஆனால் சுவராவது அவளிடம் இருந்தது. இப்போது இன்டீரியர் டிசைனர் வந்து, லுக் கெட்டுவிடும் என்று, காலண்டரைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். கேஸ் புக் பண்ணின தேதி பார்க்க ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தவேண்டும்.

இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு என்று நாடு தழுவிய சர்வே ஒன்று. 2004-05இல் ஒரு தரம், 2011-12இல் ஒரு தரம் எடுத்தார்கள். வருமானம், படிப்பு, வியாதி என்று ஆயிரம் கேள்விகளுக்கு நடுவே பெண்களிடம் இதையும் கேட்டிருந்தார்கள்: உங்கள் வீட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடுவீர்களா, இல்லை ஆண்கள் முதலிலா? டைல்ஸ் கலர் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எது என்று தெரிந்தவர்கள்.

“அந்த வால்பேப்பரை செலக்ட் பண்ணினதே என் மனைவிதான் சார்” என்பார் நண்பர். உண்மையாகவே இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி இலைக்கு டிசைன் செலக்ட் பண்ணினவர் கூடத்தான் கடைசிப் பந்தியில் ரசத்தோடு முடித்துக்கொள்கிறார். செலக்ட் பண்ணினவருக்கு அந்தச் சுவருக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டா என்பதுதான் கேள்வி. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையன் வரைந்த யானையை மாட்டுங்கள். பாட்டி இலையில் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ ஒன்று எந்த வீட்டிலும் தேடினால் கிடைக்கும், அதை மாட்டுங்கள். காலண்டரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆனால் ஆணி அடிப்பதற்கு முன்னால் மேஜையைச் சுவரிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள். இதற்கு டிசைனர் ஃபீஸ் கிடையாது.

போன வாரம் நண்பர் போன் செய்தார். மழையில் சுவர் ஓதம் ஏறி, பசை விட்டு, ஏயும் டியும் விழுந்துவிட்டனவாம். “இப்ப வெறும் ‘ஈ’தான் சார் இருக்கு, சாப்பாட்டு மேஜைக்கு மேலே” என்று அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சரியான சமயம் என்று, “வீட்டுல அவங்க எங்க உட்கார்ந்து சாப்பிடறாங்க?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“இருங்க சார், கேட்டுச் சொல்றேன்” என்றார்.