முழங்கையும் முன்பாதமும்

1995 டிசம்பர் 26. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார் நடுவர் டாரெல் ஹேர். பந்துவீசும் முனையில் நின்றபடியே, பந்தை எறிகிறார் என்று தீர்ப்பு. முரளி மறுமுனைக்கு மாறினார். அங்கிருந்த நடுவர் ஸ்டீவ் டன் அதே பந்துவீச்சில் குறை எதுவும் காணவில்லை.

ஒரே கை, ஒரே நாள், இரு நடுவர்கள், இரண்டு சட்டங்கள்!

கண்டிப்பாக இருந்தது ஹேரின் தவறல்ல. வெறுங்கண்ணால் அளக்க முடியாததை அளந்ததே தவறு. பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை முரளியுடையது என்பதை ஆய்வுக்கூடச் சோதனைதான் காட்டியது. 2005இல் ஐசிசி முழங்கை நீள்வதற்கான 15 டிகிரி வரம்பை எல்லோருக்கும் பொதுவாக்கியது. 2010இல் காலேயில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு முரளி விடைபெற்றார்.

சாஃப்ட்பால் நடுவருக்கு வெறுங்கண்ணால் அளக்கும் இந்தச் சங்கடம் குறைவு. பந்து வீசும் பிட்சர், தான் நிற்கும் பலகையை உதைத்துப் புறப்பட்டபின், முன்னே மறுபடி காலூன்றி இரண்டாம் உதை கொடுத்தால் அது விதிமீறல். பெண்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 43 அடிதான். திருடிய ஓரடியும் பேட்டரின் நேரத்தைத் தின்றுவிடும். மண்ணில் தடமே பதிந்துகிடக்கும்போது ஆய்வுக்கூடம் எதற்கு? முதல் இன்னிங்ஸிலேயே, பள்ளி ஆட்டத்திலேயே நடுவர் கை உயர்த்த வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பெண்ணிடம் யாரும் சொல்லாத குறையை இறுதிப்போட்டியில் தண்டிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி.